பார்த்த கூலி

சோணைமுத்துவுக்கு நான் முந்நூற்றைம்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏற்பட்ட கடன். மறுநாள் காலை எட்டே காலுக்குத் தீர்ந்தது. இந்தக் கையால் வங்கியில் கோடி ரூபாய் வாங்கி ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவன் நான். அந்தக் கோடிக்கு வராத பயம் இந்த முந்நூற்றைம்பதுக்கு வந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் லிங்கசாமி. படிப்பு நான்காம் வகுப்போடு சரி. பதினோரு வயதில் பனியன் கம்பெனியில் துணி மடித்துப் போட ஆரம்பித்தவன், இன்றைக்கு அவினாசிக்கு வெளியே சேவூர் சாலையில் எண்பது மிஷின் ஓட்டுகிறேன். எங்கள் பனியன் முதலாளிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு உழைப்பாளியைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, நான் என்னைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். எழுதினால் மலர் பத்தாது. அதனால் சோணைமுத்துவைப் பற்றி எழுதுகிறேன்.

என் கம்பெனிக்கு எதிரே, எடை மேடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவன் பட்டறை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். பத்தொன்பது வயதில் பஸ் ஏறி வந்து, சாயப்பட்டறையில் இரண்டு வருடம், பல்லடத்தில் ஒரு லாரி ஷெட்டில் பன்னிரண்டு வருடம் என்று கிடந்து, ஏழு வருடத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தான். மனைவி ஒச்சாயி என் கம்பெனியில்தான் தைத்த சரக்கில் குறை பார்க்கிற செக்கிங் வேலை பார்க்கிறாள். குடியிருப்பது சேவூரில் வாடகை வீடு.

ஆள் மகா பயந்தவன். வண்டிக்கு அடியில் போகுமுன் கைப்பிரேக்கை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். ஜாக்கி வைத்தாலும் சக்கரத்துக்குக் கல் வைப்பான். ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை வேறு. "ஏப்பா, வண்டிய ரிப்பேர் பண்றியா, கட்டிப் போடறியா?" என்று நான் எத்தனையோ தடவை கேலி பேசியிருக்கிறேன். சிரிப்பானே தவிர கல்லை எடுக்க மாட்டான்.

இன்னொரு வழக்கமும் அவனுக்கு உண்டு. வண்டியைப் பார்த்துச் சொல்வதற்கே காசு கேட்பான். எங்கள் பக்கம் எந்தப் பட்டறையிலும் அப்படி இல்லை. சாமான் மாற்றினால் கூலி, சும்மா பார்த்துச் சொன்னால் ஒரு டீ, அவ்வளவுதான். சோணைமுத்து மட்டும் முந்நூற்றைம்பது கேட்பான். அதுபோக, ஓட்டக்கூடாத வண்டி என்று தோன்றினால் முன் கண்ணாடியில் சாக்பீஸால் 'ஓடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுவான். எதற்கு இந்த இரண்டு வழக்கமும் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஐப்பசி மாதம். நல்ல மழை பெய்து குளமெல்லாம் நிறைந்திருந்த நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமை என் டிரைவர் ஜெயபாண்டிக்கு லீவு. பல்லடத்திலிருந்து காலர் துணி எடுத்து வர வேண்டியிருந்தது. புதன்கிழமை கண்டெய்னர் ஏற வேண்டிய சரக்கு. நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை இது, ஒரு கீறல் விழுந்ததில்லை என்று சொல்லிக்கொண்டு, ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி வேனை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வரும்போது ஒரு பிரைவேட் பஸ் எதிரில் வந்த லாரியை முந்திக்கொண்டு நேராக என் முகத்துக்கு வந்தது. இடது பக்கம் ஒடித்தேன். முன் சக்கரம் பாலத்துக் கட்டைக்கல்லில் போய் 'டொம்' என்று மோதி நின்றது. வேகம் இருபத்தைந்துகூட இருக்காது. இறங்கிப் பார்த்தேன். பம்பரில் ஒன்றுமில்லை. இடது முன் சக்கரத்து ரிம்மில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு நெளிசல். யாரும் பார்க்கவில்லை. அப்பாடா என்று ஏறிக் கிளப்பினேன்.

அப்புறம்தான் அந்தத் துணியைப் பார்த்தேன்.

ஜெயபாண்டி ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் சிவப்புக் காலர் துணியில் ஒரு துண்டு கட்டி வைத்திருப்பான். கம்பெனி முற்றம் குறுகல். பின்னால் பார்த்துக்கொண்டே வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது, சக்கரம் நேராக இருக்கிறதா என்று கையால் தடவித் தெரிந்துகொள்ள அப்படி ஒரு அடையாளம். நேர் ரோட்டில் போனால் அந்தத் துணி நெற்றிப் பொட்டு மாதிரி நடு உச்சியில் நிற்கும். இப்போது ரோடு நேராக இருக்கிறது, துணி வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. வளைவில் திருப்பினால் வழக்கம்போலத் தானாகத் திரும்பி வரவில்லை. நான் இழுத்து வர வேண்டியிருந்தது.  அவினாசி வந்து சேரும்வரை இருபதுக்கு மேல் போகவில்லை நான்.

சோணைமுத்து பட்டறையில் இருந்தான். எப்படி ஆனது என்று கேட்டான். "குழியில விட்டுட்டேன்" என்றேன். ரிம்மின் நெளிசலைக் கட்டை விரலால் தடவினான். 

முதலில் அவனே ஓட்டிப் பார்த்தான். எடை மேடை முன்னால் நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக விட்டான். வண்டி இடது பக்கம் போயிற்று. டயரில் காற்று அளந்தான். சரியாக இருந்தது. பிறகு வண்டியை நிறுத்தி என்னை மேலே உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்துக்கொண்டான். நான் ஆட்ட ஆட்ட, கீழே எங்கேயோ 'டக்... டக்...' என்று விரலில் சொடக்கு எடுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"கேட்டுச்சாங்கய்யா?"

"ஒண்ணும் கேக்கலியே" என்றேன். கேட்டது.

வெளியே வந்து, என் கம்பெனியிலேயே வாங்கி வைத்திருந்த நூல் கோனை எடுத்தான். பின் சக்கரத்தை ஒட்டி நூலைக் கட்டி முன் சக்கரம்வரை இழுத்துப் பிடித்தான். வலது பக்கம் நூல் முன் சக்கரத்தின் இரண்டு விளிம்பிலும் ஒட்டிக்கொண்டு நின்றது. இடது பக்கம் ஒரு விளிம்பில் ஒட்டி, மறு விளிம்பில் சுண்டு விரல் நுழைகிற இடைவெளி. என் கம்பெனி நூலே என்னைக் காட்டிக்கொடுத்தது.

"அலைன்மென்ட் போயிருச்சு. அவ்வளவுதானப்பா?" என்றேன்.

"அலைன்மென்ட்டோட போச்சுன்னா நான் ஏன்யா இம்புட்டு நேரம் படுத்துக் கெடக்கேன்? வந்து பாருங்க."

டார்ச் அடித்துக் காட்டினான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகிற கம்பி ஒன்று இருக்கிறது. டை ராடு என்பார்கள். இடது பக்கத்தில் அது லேசாக வளைந்திருந்தது. அதன் நுனியில் நம் தோள்பட்டை மூட்டு மாதிரி ஒரு குண்டு மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு விரலால் அசைத்தால் மூட்டு அசைந்தது.

"அசையக் கூடாதுய்யா. இது கழண்டுச்சுன்னா ஸ்டியரிங்க நீங்க எங்க வேணா திருப்புங்க, இந்தச் சக்கரம் அது இஷ்டத்துக்குத்தான் போகும்."

"அடிச்சு நிமித்திக் குடு. புதங்கிழம வரைக்கும் ஓடுனாப் போதும்."

"அடிச்சா நிமிரும். எப்ப ஒடியும்னு அதுக்கே தெரியாது. நாளைக்குப் பத்து மணிக்குக் கடை தொறப்பான். புதுசு வாங்கிப் போட்டுத் தர்றேன். பன்னெண்டு மணிக்கு வண்டி ரெடி."

"காலைல இருபத்தியோரு பொம்பளைங்கள நீயா தூக்கிட்டு வருவ?"

"பஸ்ஸுல வரட்டுங்கய்யா. பாத்த கூலி முந்நூத்தம்பது குடுங்க."

எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. "ஏனப்பா, ஒரு திருகாணி திருகல, முந்நூத்தம்பதா? உன்ற பார்வைக்கு டிக்கெட் போட்டா விக்கிற? சினிமாக்கே அவ்வளவு இல்லியே."

"காசு வாங்குனாத்தான்யா நான் சொன்னதுக்கு மதிப்பு."

"நாளைக்கு வேலைய முடி, சேத்து வாங்கிக்க."

அவன் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மடக்கிக்கொண்டான். சாக்பீஸை எடுத்து முன் கண்ணாடியில் 'ஓடாது' என்று எழுதினான். வண்டியை நடை வேகத்தில் ரோட்டைக் கடத்தி என் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனான்.

இனி எழுதுவது எனக்குப் பெருமை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். செக்கிங் நடக்காமல் கண்டெய்னர் ஏறாது. ஏறாவிட்டால் ஒரு வருடத்து ஆர்டர் போய்விடும். இரண்டு மணி நேரம் பெண்கள் தாமதமாக வருவதற்கு இத்தனை கணக்கா என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அதற்கும் மேலே, நான் கல்லில் மோதினேன் என்று ஜெயபாண்டிக்குத் தெரிந்துவிடக்கூடாது. மாதம் ஒருமுறை அவனை நிற்க வைத்து வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். சாயங்காலம் பனியன் வேஸ்ட்டை நனைத்து அந்த 'ஓடாது' என்பதைத் துடைத்தேன். பிறகு வண்டியில் ஏறி, சிவப்புத் துணியை அவிழ்த்து, சக்கரம் நேராக இருக்கும்போது உச்சியில் நிற்கிற மாதிரி மாற்றிக் கட்டினேன். முடிச்சுகூட ஜெயபாண்டி போடுகிற முடிச்சு மாதிரியே போட்டேன்.

இரவு தூக்கம் பிடிக்கவில்லை. புரண்டு படுக்கிறபோதெல்லாம் அந்த 'டக்' காதில் கேட்டது. "என்னங்க பண்ணுது, பிரஷரா?" என்று என் மனைவி சுப்பாத்தாள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

காலை ஏழே காலுக்குக் கம்பெனிக்குப் போனேன். முற்றம் காலியாக இருந்தது. ஜெயபாண்டி ஆறே காலுக்கே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார் வாட்ச்மேன். வேன் நின்ற இடத்தில், இடது முன் சக்கரம் இருந்த இடத்துக்கு நேராக, சிமெண்டுத் தரையில் கிரீஸ் ஒரு கைப்பிடி அளவுக்குச் சொட்டிக் கிடந்தது. அதில் ஒரு கருப்பு ரப்பர்த் துண்டு. கிழிந்த உறையின் மிச்சம். அதைக் கையில் எடுத்தேன். வழுவழுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. 

ஜெயபாண்டிக்குப் போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டான். வண்டி ஓட்டும்போது போன் எடுத்தால் சம்பளத்தில் ஐந்நூறு பிடிப்பேன் என்று சட்டம் போட்டவனே நான்தான். ஒன்பது தடவை போட்டேன்.

ஏழே முக்கால் இருக்கும், எதிரே சோணைமுத்து மொபெட்டை நிறுத்துவது தெரிந்தது. அவன் சேவூரிலிருந்து மெயின் ரோட்டில் வந்திருந்தான். வேன் உள்கிராமங்களைச் சுற்றிப் போகும். அதனால் எதிரில் பார்க்கவில்லை. கொட்டகையைத் திறக்கப் போனவன் என் முற்றத்தைப் பார்த்தான். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தான்.

"வண்டி எங்கங்கய்யா?"

என் கையிலிருந்த ரப்பர்த் துண்டைப் பார்த்ததும் அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. போனை எடுத்து மனைவிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் ஒச்சாயியின் குரல் வந்தது.

"என்ன, காலங்காத்தால?"

"எங்க இருக்க?"

"வேன்லதான். வராதுன்னு நேத்துச் சொன்ன, வந்திருச்சே. எல்லாரும் ஏறியாச்சு. பருப்புச் சட்டிய மூடாம வந்துட்டேன்னு சொல்லப் போறியா?"

"ஜெயபாண்டிட்டச் சொல்லி வண்டிய நிறுத்தச் சொல்லு. ஸ்டியரிங் சரியில்ல."

அவள் சொல்வது கேட்டது. பிறகு ஜெயபாண்டியின் குரல். "அண்ணனுக்கு வேற வேலயில்லயாக்கா? லேசா இழுக்குது, காத்து கம்மியா இருக்கும். துணி நெத்தியிலதான நிக்குது, பாருங்க. எட்டரைக்கு கேட்ட சாத்துனா மொதலாளிட்ட யாரு ஏச்சு வாங்குறது?"

"பயந்தாங்கொள்ளி மெக்கானிக்குக்கு வாக்கப்பட்டா இப்படித்தான்" என்று ஒரு பெண் குரல். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தியோரு பேர் சிரிப்பு.

சோணைமுத்து என்னை ஏறிட்டுப் பார்த்தான். "நேத்து அந்தத் துணி சாஞ்சுல்ல நின்னுச்சு?" என்று மெதுவாகக் கேட்டான். போனை என் பக்கம் நீட்டினான்.

இரண்டு கையாலும் அதை வாங்கினேன். ஆயிரம் பேர் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியவன் நான். "ஜெயபாண்டி, நாந்தான். வண்டிய நிறுத்து" என்றேன்.

"மொதலாளி, துணி நேராத்தான்..."

"துணிய நாந்தாண்டா மாத்திக் கட்டுனேன். நேத்துப் பல்லடத்துல கல்லுல விட்டுட்டேன். அது நேரில்ல. நான் கட்டி வெச்சது."

பாட்டு நின்றது. சிரிப்பும் நின்றது. வண்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல், இப்போது அடித்தொண்டையிலிருந்து.

"குளத்துக்கரை மேல ஏறிட்டேன் மொதலாளி. ஒதுங்க எடமில்ல. பின்னாடி லாரி ஒட்டிக்கிட்டு வருது."

சோணைமுத்து போனைப் பிடுங்கிக்கொண்டான்.  "தண்ணி எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்."

"ஒதுங்காத. கேட்டுக்க, ஒதுங்காத. நடு ரோட்டுக்கு வா. லாரிக்காரன் வையட்டும். பிரேக்க ஓங்கி அமுக்காத. ஆக்சிலேட்டர விட்டுரு, கியர்லயே வேகம் கொறையட்டும். ஸ்டியரிங்க ஆட்டாத, ரெண்டு கையாலயும் பிடி. ஒச்சாயி, எல்லாரும் வலது பக்கமா நகர்ந்து உக்காருங்க, எந்திரிக்காதீங்க."

ஹாரன் சத்தம் நீளமாகக் கேட்டது. அதற்குள்ளே, ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கவில்லை என்று பொய் சொன்ன அதே 'டக்'. இந்தத் தடவை ஒன்றே ஒன்று. பெண்கள் அலறினார்கள். போன் கட்டாகிவிட்டது.

மறுபடி போட்டான். தொடர்பு கிடைக்கவில்லை.

அவன் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். எனக்கு இரண்டு கார் இருக்கிறது. சாவி எங்கே என்று நினைவே வரவில்லை. ஏழு கிலோமீட்டர். வழியில் இரண்டு தடவை என் போனுக்கு வேறு யாரோ கூப்பிட்டார்கள். எடுக்கப் பயந்துகொண்டு எடுத்தேன். ஒன்று நூல்காரர், ஒன்று வங்கி. இருபத்தியோரு பேரின் பெயரையும் நினைத்துப் பார்த்தேன். பதினான்கு பேருக்குமேல் வரவில்லை. வருடக்கணக்காக என் சரக்கைப் பார்த்துத் தள்ளுகிறவர்கள், பெயர் வரவில்லை.

சோணைமுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். என்னிடம் பேசினானா, பயத்தில் வாய் தானாகப் பேசியதா, தெரியாது.

"பல்லடத்துல ஒரு கோழி வண்டி வந்துச்சுய்யா. இதே மூட்டு. ஓசியிலதான் பாத்துச் சொன்னேன், ஓட்டாதீகன்னு. காசா பணமா, சும்மா ஒரு வார்த்தை. ஓனரு சிரிச்சுட்டு எடுத்துட்டுப் போனாரு. மூட்டு கழண்டு, சைக்கிள்ல போன ஆளும் பின்னாடி இருந்த பிள்ளையும் போய்ச் சேந்துட்டாக. நான் போய்ப் பாத்தேன். அன்னைலருந்துதான் காசு கேக்குறது. காசு குடுத்தவன் கேப்பான்னு ஒரு நெனப்பு."

ஏழு வருடமாக நான் கேலி செய்த கல்லும் கட்டையும் சாக்பீஸும் அந்தப் பிள்ளையிடமிருந்து வந்தவை. எனக்கு அவன் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. சட்டை நனைந்திருந்தது.

கரை தெரிந்தது. அதன்மேல் கூட்டம். எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீரில் இடுப்பளவுக்கு இரண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். சோணைமுத்து மொபெட்டை நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டான். நானும் வண்டியும் ஒன்றாக விழுந்தோம்.

அந்த இரண்டு ஆட்கள் எருமை குளிப்பாட்டுகிறவர்கள்.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம், நடு ரோட்டில், வேன் நின்றது. வலது முன் சக்கரம் நேராக அவினாசியைப் பார்த்திருந்தது. இடது முன் சக்கரம் தனியாகத் திரும்பி, குளத்தைப் பார்த்திருந்தது. அங்கிருந்து கரை விளிம்புவரை என் காலால் அடிவைத்து அளந்தேன். நாலு அடி. ஓரமாக ஒதுங்கியிருந்தால் அந்த நாலு அடியும் இருந்திருக்காது. பின்னால் வந்த லாரிக்காரன் திட்டி முடித்துவிட்டு, இப்போது தானே கல் எடுத்து வேனின் சக்கரத்துக்கு வைத்துக்கொண்டிருந்தான்.

பெண்கள் ரோட்டின் வலது ஓரத்தில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். ஜெயபாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடித்த மாதிரியே இரண்டு கையையும் முன்னால் வைத்திருந்தான். 

ஒச்சாயி எழுந்து புருஷனிடம் போனாள். அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். "சட்டிய மூடிட்டுத்தான் வந்தேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"துணி கட்டத் தெரிஞ்ச ஓனருக்கு நேத்து ராத்திரியே ஒரு போன் போடத் தெரியலயேய்யா" என்றாள். உரக்கச் சொல்லவில்லை. இருபது பேரும் கேட்டார்கள்.

நான் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தேன். பீஸ்ரேட் டெய்லர்களுக்கு வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்க் கட்டு. அப்படியே சோணைமுத்துவிடம் நீட்டினேன். "வெச்சுக்கப்பா. எண்ண வேண்டாம்."

அவன் வேனுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். கட்டை வாங்கவில்லை.

"வேலை இன்னும் ஒண்ணும் பண்ணலயே. பாத்த கூலி மட்டும் குடுங்க."

"இத வாங்கிக்க, சோண."

"முந்நூத்தம்பதுங்கய்யா."

"சில்லறை இல்ல. போன்ல போட்டு விடட்டா?"

"கையில குடுங்க."

என்னிடம் இருந்ததெல்லாம் ஐந்நூறு. சுற்றிப் பார்த்தேன். எட்டரைக்கு கேட்டைச் சாத்துகிறவன், அந்தப் பெண்களிடம் போய் நின்றேன். "ஆருகிட்டயாவது ஐந்நூறுக்குச் சில்லறை இருக்குதுங்களா?" என் கம்பெனி ஆட்களிடம் நான் 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். யாரும் அசையவில்லை. ஒச்சாயிதான் ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்தாள். நான்கு நூறும் இரண்டு ஐம்பதும் கொடுத்து, என் ஐந்நூறை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள்.

சோணைமுத்து கையைத் துடைக்காமல் நீட்டினான். ஞாயிற்றுக்கிழமை நீட்டி மடக்கிக்கொண்ட அதே கை. உள்ளங்கை முழுக்க கிரீஸ், குளத்து மண். அதில் ஒவ்வொன்றாக வைத்தேன். நூறு. இருநூறு. முந்நூறு. ஐம்பதை வைக்கும்போது அவன் விரல்கள் மடங்கவில்லை, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தன.

"முந்நூத்தம்பது" என்றேன். அவன் கையை மூடிக்கொண்டான்.